சங்கிலியைக் கழற்றியவள்

பெரியப்பா அந்த அல்சேஷன் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அது எங்கள் பழைய நாட்டு நாயின் கழுத்தைக் கவ்விக் கொன்றது. வைக்கோல் போரைச் சுற்றி மண்ணெல்லாம் ரத்தம். விலக்கப் போன வேலையாளைப் பெரியப்பா கை நீட்டித் தடுத்தார். எல்லாம் அடங்கிய பிறகு, "இதுக்குத்தான் இதை வாங்கினேன்" என்றார்.

குடவாசல் பக்கத்தில் அவரைப் போன்ற மிராசுதார்களின் காலம் அப்போது சரியத் தொடங்கியிருந்தது. வயலோரம் குடிசை போட்டிருந்தவர்களுக்கே அந்த மனை சொந்தம் என்று புது ஆட்சி சட்டம் போட்டிருந்தது. முன்பெல்லாம் பெரியப்பா எதிரே வந்தால் தோள் துண்டுகள் இடுப்புக்கு இறங்கும். இப்போது இறங்கவில்லை. வெறும் காவலுக்கு என்றால் நாட்டு நாயே போதும். அவருக்கு வேண்டியிருந்தது, பார்த்தவுடன் ஆட்களை ஒதுங்க வைக்கும் ஒரு மிருகம். அது அவரோடு நடந்தபோது ஆட்கள் மறுபடி வரப்பைவிட்டுச் சேற்றில் இறங்கினார்கள். தனக்காக இறங்குவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அப்பா இறந்த பிறகு நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். வயது பத்தொன்பது. நாய்க்குக் கறிசோறு வைப்பதும் கட்டிப்போடுவதும் என் பொறுப்பு. என் சொல்லுக்கு அது வாலாட்டும். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஒருநாள் காலையில், எங்கள் வயலுக்கு நடவாட்களை அழைத்துவரும், வயலோரக் குடிசைக்கார அம்மா ஒருவர் வாசலில் வந்து நின்றார். முதல்நாள்தான் பெரியப்பாவின் ஆட்கள் அவர் குடிசையின் கீற்றைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள்.

"கூரையப் பிரிச்சிட்டீங்க. பரவால்லங்கய்யா. நாங்க எங்கயும் போறதா இல்ல. மனைப் பட்டாவுக்கு மனு குடுத்தாச்சு."

பெரியப்பா என்னைப் பார்த்து, "கழட்டு" என்றார்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கழற்றினேன். நாய் அந்த அம்மாவின் வலது கையைக் கவ்விக் கீழே இழுத்துப் போட்டு உலுக்கியது. சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. இடது கையால் அதன் கண்ணில் குத்திக்கொண்டே அவர் அலறினார். களத்திலிருந்து ஓடிவந்தவர்கள் உலக்கையால் அடித்துத்தான் அதன் வாயை விடுவிக்க முடிந்தது.

போலீஸ் வருவதற்குள் பெரியப்பா துப்பாக்கியை எடுத்துவந்து ஊர் பார்க்க நாயைச் சுட்டார். "சங்கிலிய அத்துக்கிட்டுப் பாய்ஞ்சிடுச்சு. அதுக்குத் தண்டனையும் குடுத்தாச்சு" என்றார். விசாரிக்க வந்தவர் என்னைக் கேட்டார். "ஆமாங்க, அத்துக்கிச்சு" என்றேன். எழுதிக்கொண்டார். கடிப்பதற்கு மட்டுமல்ல, பழியைச் சுமந்து சாவதற்கும்தான் பெரியப்பா அந்த நாயை வளர்த்தார் என்று அப்போது புரிந்தது. அதே மாதம் அதைவிடப் பெரிய சாதியில் இன்னொரு குட்டி வந்து இறங்கியது.

நாய் கடித்த மூன்றாம் நாள் நான் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாவின் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். இனி அவர் நாற்றைப் பிடிக்க முடியாது. கட்டிலருகே நின்று, "நான்தான் கழட்டிவிட்டேன்" என்று அழுதேன்.

அவர் அழவில்லை.

"எனக்குத்தான் தெரியுமே பாப்பா. பாத்துக்கிட்டுதானே நின்னேன். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

போலீஸ் ஸ்டேஷன் அதே தெருவில்தான் இருந்தது. அதைத் தாண்டி நடந்துபோய் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். பெரியப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. அந்த அம்மாவும் இப்போது இல்லை. தெரியாதவர்களிடம் இன்றுதான் சொல்கிறேன்.