வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

பெண்ணாடத்தில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள் செல்போனில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழுக்க கீபோர்டிலும் கம்ப்யூட்டரிலும் செய்த பாட்டு. இந்த வருடம் டீக்கடை, ஷேர் ஆட்டோ, கல்யாண மண்டபம் என்று எங்கும் ஒலித்த பாட்டுதான். நான் காது கொடுத்ததில்லை. அன்று ரயில்வே கேட்டில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டதால் கேட்க வேண்டியதாயிற்று.

தாளத்துக்கு டிரம்ஸ் இல்லை. பீங்கானைத் தட்டும் சத்தம் இருந்தது. மூன்று தட்டு கணீரென்று ஒலித்தது. நான்காவது மட்டும் மொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

வேதியியல் படித்த நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போம். நல்ல கோப்பை மணிபோல் ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் அடங்கிப்போகும். அதை அங்கேயே உடைத்துக் குவியலில் எறிந்துவிடுவோம். சனிக்கிழமைகளில் என்னோடு வரும் என் மகன் உடைக்க விடமாட்டான். நல்ல கோப்பையெல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது, இவைதான் ஒவ்வொன்றும் வேறு மாதிரி என்று சொல்லி, சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருவான்.

பாட்டில் ஒரு குரல் வந்தது. பாடவில்லை. கோவிலில் ஓலை வாசிக்கும் தோரணையில், "முதல் ஓலை" என்று ஆரம்பித்தது. குரலும் என் மகனுடையதுதான்.

எங்கள் கிறிஸ்தவ வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு பூசையில் மணமக்களின் பெயரை வாசிப்பார்கள். அதை ஓலை வாசிப்பது என்போம். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி முடிப்பார்கள். வழக்கமாக யாரும் எதுவும் சொல்வதில்லை.

நான் திரும்பிப் பார்த்ததைக் கண்டு ஒரு பையன் சத்தத்தைக் குறைத்தான்.

"வேணாம், நல்லாத்தான் இருக்குது. என்ன பாட்டுப்பா இது?"

"லவ் பாட்டு மாதிரி தாத்தா. ஆனா அந்த ஆளுக்குப் பொண்ணு புடிக்காது. அவரு வந்து..." அவன் நண்பனைப் பார்த்தான்.

"தாத்தாவுக்கு அதெல்லாம் புரியாதுடா, வுடு" என்றான் மற்றவன்.

"புரியுது, சொல்லுப்பா."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். முதல் ஓலையில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் தான் மற்றவர்களைப்போல் இல்லை என்று தெரிந்துகொள்கிறான். இரண்டாம் ஓலையில் வீட்டில் சொல்கிறான், வீடு கேட்காததுபோல் இருக்கிறது. மூன்றாம் ஓலையில் அவன் பெயர் மட்டும் வாசிக்கப்படுகிறது, பக்கத்தில் வேறு பெயர் இல்லை. தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு இசை நின்றுவிடுகிறது. யாரும் சொல்வதில்லை.

"அந்த எடத்துல கூட்டமே கத்தும் தாத்தா, அவரு கச்சேரி வெச்சா" என்றான்.

கேட் திறந்தது. பஸ் கிளம்பியது.

என் மகனுக்கு மூன்றாம் ஓலை எங்கள் கோவிலில் வாசிக்கப்படவே இல்லை. மற்ற இரண்டையும் வாசிக்க வைத்தவன் நான்.

என் மகன் கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிந்து வேலைக்கும் போய்விட்டான். பெண் பார்க்கும் பேச்சை எடுத்தபோது, பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னான். அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"எனக்குப் பொண்ணு பாக்காதீங்கப்பா. எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி மனசு போவல. சின்னதுலேர்ந்தே ஆம்பளைங்க மேலதான். ஒங்களுக்குப் புரியும்னுதான் மொதல்ல ஒங்ககிட்ட சொல்றேன்."

அவன் நினைத்தது சரி. எனக்குப் புரிந்தது. நான் படித்தவன், அது நோயல்ல, பாவமுமல்ல, ஒருவன் பிறவியிலேயே அப்படித்தான் என்று அப்போதே வாசித்திருந்தேன். அறியாமையால் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. வெயிலாக இருக்கிறது, சீக்கிரம் நட என்று மட்டும் சொன்னேன்.

பிறகு திட்டக்குடிப் பக்கம் ஒரு குடும்பத்தில் அவனுக்குத் தெரியாமல் பேசி முடித்தேன். பங்குச் சாமியாரிடம், பையனுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, அடுத்த வாரம் வந்து பார்ப்பான், அதற்குள் ஓலையை வாசித்துவிடுங்கள் என்றேன். கோவில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் இருந்தவன் என்பதால் நம்பினார். ஊர் முன்னால் ஒருமுறை பெயர் வாசிக்கப்பட்டுவிட்டால் மானத்துக்கு அஞ்சி அவன் கட்டுப்பட்டுவிடுவான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அந்த ஞாயிறு அவன் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் பெயரும் முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் பெயரும் வாசிக்கப்பட்டன. தடை அறிந்தவர்கள் என்று சாமியார் சொன்னபோது அவன் என்னைப் பார்த்தான். வேறு யாரையும் பார்க்கவில்லை. கோவிலில் அந்தத் தடையை அறிந்தவன் நான் ஒருவன்தான். நான் ஜெபப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

முடிவுப் பாடலை முழுவதுமாக வாசித்து முடித்தான். அன்று மாலையே பையோடு கிளம்பிவிட்டான். அடுத்த ஞாயிறுக்குள் நான் ஓலையை நிறுத்தியிருக்கலாம். கோபித்துக்கொண்டு போனவன் திரும்பிவிடுவான் என்று அதையும் வாசிக்க விட்டேன். பிறகு பையன் ஊரிலேயே இல்லை என்று கேள்விப்பட்டு, பெண்ணின் அப்பா வந்து நிறுத்தினார். பையன் துபாய்க்குப் போய்விட்டான் என்று அவரிடம் பொய் சொன்னேன். இரண்டு ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசும் என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் அந்த வீட்டுக்குப் போய் நான் மன்னிப்புக் கேட்டதில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனதும் பாட்டைக் கேட்டதைச் சொல்லி, என் மனைவியிடம் அவன் நம்பரைக் கேட்டேன். அவள் இத்தனை வருடமும் தோட்டத்துப் பக்கம் போய், கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு பேசிவந்தாள். எனக்கு அது தெரியும், தெரியாததுபோல் இருந்தேன்.

"பாட்டு வந்தாத்தான் ஒங்களுக்குக் காது கேக்குமா?" என்றாள். "எத்தினி தடவ சொன்னேன், ஒரு வார்த்த பேசுங்க, பேசுங்கன்னு. இப்ப ஊரே கேட்டப்புறம் கேக்குறீங்க."

நம்பரை அவளே போட்டுக் கொடுத்தாள். அம்மா என்று நினைத்துத்தான் எடுத்தான். பஸ்ஸில் வரும்போது பெரிதாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"தடை இருந்துச்சுப்பா" என்றேன். "எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

அவன் சொன்னான்: "அத அங்க சொல்லியிருக்கணும்ப்பா." பிறகு, "அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன்.

அவன் சொன்னது நியாயம். அன்று கோவிலில் இருந்தவர்களில் பலர் இப்போதும் ஊரில்தான் இருக்கிறார்கள். ஓய்வுக்குப் பின் பத்திரிகைகளில் நான் எழுதுவதை வாசிப்பவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே அவர்களுக்குச் சொல்கிறேன். அவன் துபாய்க்குப் போகவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. தடை இருந்தது, அது எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் அவனுக்கு அனுப்பச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். பதில் இதுவரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போல் அவளைக் கூப்பிட்டான். அவள் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். கதவைச் சாத்தவில்லை.