ஏழாவது கம்பெனி கார்

கட்டுக்கதை என்று நினைப்பவன் நினைத்துக்கொள்ளட்டும். எவன் சொன்னாலும் லேசில் நம்புகிற ஆள் நானில்லை. ஆனால் இது பெருங்களத்தூர் லோகுவுக்கு நடந்தது. 2007 ஆயுத பூஜை அன்று, பட்டப்பகலில்.

லோகு தண்ணி லாரி ஓட்டி ஓய்ந்தவர். மகள் ஜெயப்ரியாவின் வீடியோ கேம் கடையில் காவலுக்கு உட்காருவார். அங்கே இருந்த கார் ரேஸ் மெஷின் மட்டும் அவருக்கு ஆகாது. அதில் வரும் ஆறு கார் கம்பெனியும் உலகத்தில் எங்கேயும் கிடையாது. பெயர், முத்திரை எல்லாம் கேமுக்காக இட்டுக்கட்டியவை. அதன் ஸ்டீயரிங்குக்கு மகள் சந்தனம் குங்குமம் வைத்தபோது சிரித்தார்.

“இல்லாத கம்பெனிக்கு இன்னாத்துக்கும்மா பூஜை?”

“நமக்கு சோறு போடுதில்ல? நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் தொடக்கூடாதுப்பா.”

பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அக்கம்பக்கம் பொரி கொடுக்கப் போனாள். லோகுவின் மனைவி அங்காளம்மா பள்ளிக்கரணையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கடையில் லோகு மட்டும்.

மணி மூன்று பத்து.

உர்ர்ர்...

இன்ஜின் சத்தம். மெஷினின் திரை எரிந்துகொண்டிருந்தது. பிளக் தரையில்தான் கிடந்தது.

உள்ளே பேட்டரி வைத்து ஊரை ஏமாற்றுகிறான்கள் என்று முனகிக்கொண்டே கிட்டே போனார். திரையில் ஆறு முத்திரைகள். கீழே ஏழாவதாக ஒன்று. கறுப்பு வட்டம். நடுவில் ஒன்றுமில்லை.

பின்பக்கம் சுவிட்சைத் தேடிக் குனிந்தவர், விழாமலிருக்க ஸ்டீயரிங்கைப் பற்றினார்.

வண்டி கிளம்பியது.

வழக்கமாக வரும் வெளிநாட்டு ரோடு இல்லை. இரண்டு பக்கமும் கோரை. சதுப்புத் தண்ணீர். குப்பை எரிகிற புகை. அவர் லாரி ஓட்டிய அதே பள்ளிக்கரணை ரோடு... புகை நாற்றம் கடைக்குள்ளேயே அடித்தது.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. பிரேக்கை மிதித்தார். வேகம் கூடியது.

ரோட்டோரம் ஒருத்தி. பச்சைப் புடவை. கையில் தூக்குவாளி.

அங்காளம்மா.

“ஏய்... தள்ளிப் போடி... தள்ளு...”

அவள் திரும்பினாள். நேராக அவரைப் பார்த்தாள்.

உயிரைக் கொடுத்து ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக ஒடித்தார்.

கோரை. தண்ணீர்.

இருட்டு.

ஜெயப்ரியா வந்தபோது அவர் தரையில் கிடந்தார். நடந்ததை அவர் சொல்லக் கேட்டுவிட்டு அவள் மெஷினைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை.

“அதுல ஆறு கம்பெனிதாம்பா. ரோட்டுல மனுஷங்க யாரும் வரவே மாட்டாங்க...”

“உங்கம்மா எங்கடி?”



விளக்கு வைக்கிற நேரத்தில் அங்காளம்மா கடை வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். புடவையெல்லாம் சேறு. ஒரு கார் அவள் மேல் ஏற வந்து, கடைசி நொடியில் ஒடித்து, சதுப்பில் பாய்ந்ததாம். ஜனங்கள் இறங்கித் துழாவினார்களாம். காரும் இல்லை, ஆளும் இல்லை.

சொல்லிவிட்டு லோகுவிடம் கேட்டாள்.

“நீ எப்டிய்யா வெளிய வந்தே?”

லோகுவின் கண் மெஷின் பக்கம் போனது.

“ஓட்டிகினு வந்தது நீதானே. நான் பார்த்தேன்.” அவர் சட்டையைப் பிடித்தாள். “உன் பக்கத்துல ஒருத்தி உக்காந்துகினு இருந்தாளே... அவ யாரு?”