ரிசல்ட் அன்று வந்த நானூத்தி மூணு

பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை; எந்த ஊரில் எந்த மெஷின் படுத்தாலும் ஏச்சு வாங்குவது கடைக்காரன்தான்.

நாலும் அஞ்சும்

கோட்டுச்சேரியில் நாலு கம்ப்யூட்டரோடு கடை போட்டேன். ஏழாவதோடு நின்றவன் நான். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும், எண் மட்டும் நன்றாக வரும். பக்கம் திறக்காமல் அடம்பிடிக்கும்போது மூணு இலக்கத்தில் ஓர் எண் வருமே, அதைக் காட்டி என்னவென்று கேட்டேன். கம்ப்யூட்டர் மாட்ட வந்த மெக்கானிக் சொன்னார்: "முதல் எண்ண மட்டும் பாருங்க பெரியவரே. நாலுன்னா நாம கேட்டதுல கோளாறு. அஞ்சுன்னா குடுக்குறவன்கிட்ட கோளாறு, நீங்க தைரியமா டீ குடிக்கப் போவலாம்." மற்ற எண்களின் அர்த்தம் போகப்போக எனக்கே பழகிவிட்டது.

ஒன்பதரை மணி

பிளஸ் டூ ரிசல்ட் அன்று கோட்டுச்சேரிமேட்டுத் தங்கராசு கடலுக்குப் போகாமல் மகள் மலர்க்கொடியோடு வந்துவிட்டார். பாஸானால் நர்சிங் படிப்பு, ஃபெயிலானால் ஆவணியில் மாமன் மகனோடு கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பத்து மணிக்குத்தான் வரும் என்றேன், கேட்கவில்லை. அடித்தேன். 403. பக்கம் உள்ளே இருக்கிறது, நமக்குக் காட்ட இன்னும் அனுமதி இல்லை என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கராசு தலையில் கைவைத்தார்: "ஆயிரத்து எறநூறுக்கு நானூத்தி மூணா? இதுக்கா ட்யூஷன் போன?"

விளக்கினேன். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். அடுத்த தடவை பதற்றத்தில் விலாசத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். 404. அப்படி ஒரு பக்கமே கிடையாது என்கிறான், தப்பு என்னுடையதுதான். தங்கராசு நிமிர்ந்து உட்கார்ந்தார்: "ஒரு மார்க் ஏறியிருக்குண்ணே, வுடாம அடிங்க!"

பத்து மணிக்கு மேல்

பத்தானதும் ஊர் உலகமே ஒரே வாசலில் முட்டியது. 503. கூட்டம் தாங்கவில்லை, அப்புறம் வா என்கிறான். தங்கராசு "ஐநூத்தி மூணு, பாஸு!" என்று கத்திக்கொண்டே போய்க் கடையிலிருந்த எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டார். டீ வருவதற்குள் மறுபடி அடித்தேன். 500. அவர்கள் மெஷினே உள்ளுக்குள் குழம்பிவிட்டது. தங்கராசு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "மூணு மார்க்கக் கொறச்சிட்டீங்களேண்ணே!"

மலர்க்கொடிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அப்பா, என் மார்க்குன்னா பக்கத்துல என் பேரு இருக்கும்ல? எங்கயாச்சும் இருக்கா, காட்டு!"

பத்தே முக்கால்

பக்கம் திறந்தது. ஒழுங்காகத் திறந்தால் அதற்கும் ஓர் எண் உண்டாம், 200. நல்லவேளை, அதைத் திரையில் காட்டுவதில்லை. மலர்க்கொடி பேர் இருந்தது. ஆறு பாடமும் பாஸ், மொத்தம் 871. தங்கராசு திரையில் விரல் வைத்து மகள் பேரை ஒருமுறை தடவிப் பார்த்தார். எதற்கும் இன்னொரு தரம் பார்ப்போமா என்று நான் கையை நீட்டியதும் பாய்ந்து தடுத்தார்: "தொடாதீங்கண்ணே, எறங்கிடப் போவுது!" மலர்க்கொடி என் பக்கம் குனிந்தாள்: "பிரிண்ட் போட்டுடுங்க பெரியப்பா, அப்பா மனசு மாறுறதுக்குள்ள."

இத்தனை தப்புக்கும் எண் வைத்த புண்ணியவான்கள், அதை ஆயிரத்து இருநூறுக்கு மேலே வைத்திருந்தால் எங்கள் பக்கத்தில் பாதி அப்பன்மார்கள் நெஞ்சைப் பிடித்திருக்க மாட்டார்கள்.