தையல் போட்ட இடத்தில் குடிவந்தது

மூன்றாம் மாதம் முடியும்வரை எங்கள் வீட்டுப் பிள்ளைத்தாச்சி டொக்டர் வாசலை மிதிக்கக் கூடாது. மாமியாரின் சட்டம் அது. "முளைச்சிருச்சான்னு நோண்டிப் பார்த்த வெதை முளைக்காதும்மா" என்பார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. விதைக்கு இரத்தம் போகாது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

எனக்குப் போனது. கர்ப்பத்தின் ஆறாவது கிழமை, சொட்டுச் சொட்டாக, வலியே இல்லாமல். இரண்டு மகள்களையும் சீசர் பண்ணி எடுத்த வயிறு, மனம் கேட்கவில்லை. சட்டைத்துணி வாங்கப் போவதாகச் சொல்லி அம்பிட்டியவில் பஸ் ஏறினேன். கண்டி டவுனில் ஒரு டொக்டரம்மாவின் ஸ்கேன் கட்டிலில் போய்ப் படுத்தேன்.

அவர் கருவியை அடிவயிற்றில் இரண்டு மூன்று முறை நகர்த்திப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். கருப்பையின் உள்ளே காலி. கரு கீழே, பழைய சீசர் தழும்புக்குள் புகுந்திருந்தது. அதற்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே கடதாசிக் கனத்தில் கொஞ்சம் சதை. இதயம் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் துடித்துக்கொண்டிருந்தது.

"வளர விட்டா தழும்பு வெடிச்சிரும். அப்புறம் கருப்பையைப் பாக்குறதா, உங்க உயிரைப் பாக்குறதான்னு நாங்க ஓடணும். இப்பவே ஊசி போட்டு நிறுத்தினா ரெண்டும் பெரும்பாலும் தப்பிக்கும்" என்றார்.

துணி இல்லாமல் வீடு வந்தேன். உண்மையைச் சொன்னதும் மாமியார், கணவர், அடுத்த வீட்டு நாத்தனார் மூவரும் முன்னறைக் கதிரைகளில் மாநாடு கூடிவிட்டார்கள்.

"அண்ணி, பஸ் ஃபுட்போர்ட்ல தொங்குறவன் பேராதனை தாண்டினா உள்ள ஏறி உக்காந்துக்குவான். புள்ளையும் மெதுவா மேல ஏறிக்கும்" என்றாள் நாத்தனார்.

நல்ல வாக்கு. மறக்காமல் எழுதியும் வைத்துக்கொண்டேன். ஆனால் பேராதனைக்கு முன்னாலேயே விழுந்தவனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

கணவர் இழுத்தார்: "அம்மா சொல்றதையும் கொஞ்சம்... இந்தத் தடவ பையனா இருந்துட்டா?"

"பையன்னா தழும்பு மரியாதை குடுத்து வெடிக்காம இருக்குமாங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஆனால் மறுநாள் காலை ஆட்டோ கூட்டி வந்ததும் அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில், ஸ்கேனில் பார்த்தபடியே நீள ஊசியால் கருவுக்குள் மருந்தைச் செலுத்தினார்கள். துடிப்பு நின்றதை நான் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த குண்டுக் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் அந்தப் படத்தை ஒட்டிய புத்திசாலி யாரோ.

கிழமைக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை; கர்ப்ப ஹோர்மோன் இறங்கிக்கொண்டே வர வேண்டும். கர்ப்பிணிகள் விழுங்கும் ஃபோலிக் சத்துக் குளிசையைத் தொடவே கூடாது, அது இந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும் என்று டொக்டரம்மா கூட வந்த வீட்டார் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

முதல் கிழமை இறங்கியது. இரண்டாம் கிழமை அசையவில்லை.

"என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் டொக்டரம்மா.

சோறு, பருப்பு, காலையும் மாலையும் மாமியார் கையால் பால். பால் என்று சொன்னபோதே எனக்குள் ஏதோ உறுத்தியது. கர்ப்பம் என்று தெரிந்ததும் நான் ஃபார்மசியில் வாங்கிய ஃபோலிக் போத்தலைக் கிட்டத்தட்ட நிறைந்தபடியே குசினி அலுமாரியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தேன். அடியில் நாலே நாலு குளிசை.

"அவ்ளோ மிச்சம் கெடந்துச்சே, தூக்கிப் போட மனசு வருமா?" என்றார் மாமியார். "தொடக் கூடாதுன்னாங்க. அதான் ஒன்னத் தொட விடல. நானே பொடிச்சுப் பால்ல கலந்தேன். சத்துக் குளிசைதானே, ஒடம்பு தேறட்டும்னு."

ஊரில் நஞ்சு கலந்த மாமியார் கதைகள் உண்டு. சத்துக் கலந்து மருமகளைக் கவிழ்க்கப் பார்த்தவர் எங்கள் வீட்டில்தான். ஏச வாயெடுத்தேன், அவர் கண் கலங்கியிருந்தது. மிச்ச நாலையும் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். மறுபடியும் ஊசி போட்டார்கள். ஹோர்மோன் சைபருக்கு இறங்கப் பல கிழமைகள் எடுத்தது. கருப்பை தப்பியது, நானும்.

போன மாதம் எதிர் வீட்டு மருமகளுக்கு நாள் தள்ளியது. அவளும் ஏற்கெனவே சீசர் பண்ணியவள். கேற்றைப் பிடித்தபடி என் மாமியார் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சீசர் பண்ண வயித்துக்கு ஆறாவது கிழமையே ஸ்கேன் போட்டுறணும். இவளையும் நாந்தான் அனுப்பி வெச்சேன்."

"சட்டைத்துணி வாங்கவா அத்த?"

"பல்லக் காட்டாத. அந்தப் புள்ளைக்கு டொக்டரம்மா இருக்குற எடத்தச் சொல்லு."

சொன்னேன்.