குர்துப்படம், குறும்படம்

குர்து மக்களின் படம் ஒன்றை இன்று எங்கள் ஒரகடம் அறையில் போடுவதாக, வாசலில் 'குர்துப்படம்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். யாரோ எழுத்துப்பிழை என்று நினைத்துக் 'குறும்படம்' என்று திருத்திவிட்டார்கள்.

எத்தனை முறை கூப்பிட்டும் வராதவர்கள், பத்து நிமிடம்தானே என்று ஷிப்ட் முடிந்ததும் வந்து உட்கார்ந்தார்கள். படமோ இரண்டு மணி நேரம்.

படத்தில், அரசாங்கம் பெயர் மாற்றிவிட்ட ஊர்களின் பழைய பெயர்களை ஒரு பெண் பாட்டாகவே பாடுகிறாள். அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் மணிமங்கலத்துக்காரரான எங்கள் சூப்பர்வைசர், "அந்தப் பாட்ட இன்னொரு தபா போடுப்பா" என்றார்.

தூத்துக்குடி நண்பன் அதே மெட்டில் "ஏரல், குரும்பூர், நாசரேத்" என்று தொடங்க, ஆளாளுக்குத் தங்கள் ஊரைச் சேர்த்தார்கள்.

மணிமங்கலம் மட்டும் மெட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. "எங்க ஊரு இன்னா பாவம் பண்ணுச்சு" என்று சூப்பர்வைசர் இன்னும் கிளம்பவில்லை.

பாட்டு கட்டத் தெரிந்தவர்கள் உடனே உதவவும். நாளை எனக்கு அவர் லைனில்தான் வேலை.