அத்தை கை காட்டிய தட்டு

எனக்கு எழுபது நடக்கிறது. நான்கு பெண், ஒரு பையன் பெற்று வளர்த்தேன். அவர்கள் பெற்றதில் மூன்றை என் இடுப்பில்தான் தூக்கி வளர்த்தேன். ஆக எட்டுப் பேர். எட்டில் ஒன்றுகூட சோடை போகவில்லை. அதை நான் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளத்தான் செய்வேன். படிப்பு மட்டும் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

போன வாரம் பேரனின் பிக்கப் வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியில் இடித்துக்கொண்டது. கியர்பாக்ஸுக்குக் கீழே எண்ணெய் நிற்பதற்கு ஒரு தட்டு இருக்கும், அது பிளந்துவிட்டது. அவன் போனை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தான். கம்பெனித் தட்டு வாங்குவதா, வெளியில் செய்து விற்கிற தட்டு வாங்குவதா என்று அவனுக்குக் குழப்பம்.

"ஆயா, நீ சொல்லு, எத வாங்கலாம்?" என்று படத்தை நீட்டினான்.

"போன்ல இருக்கறத எப்பிடிடா தட்டிப் பாக்கறது?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வயதில் இதே மாதிரி இரண்டு தட்டுகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவிடம் ஒரு பிக்கப் இருந்தது. பட்டாளத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்த வண்டி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை, கரும்பு, கல்யாண சாமான், மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற சனம் என்று எதையும் ஏற்றுவார். வண்டியை அப்பா 'அவன்' என்றுதான் சொல்லுவார். அம்மாவுக்கு அது பிடிக்காது. எங்களுக்கெல்லாம் ஓர் அண்ணன் இருக்கிற மாதிரி இருந்தது.

அப்பாவுடைய தங்கை, என் சின்ன அத்தை, தை மாதம்தான் திண்டிவனத்தில் வாக்கப்பட்டிருந்தாள். முதல் ஆடிக்கு வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். அந்த மாதம் முழுக்க நான் அவள் முந்தானையை விடவில்லை. அத்தை அந்த முறை நிறையச் சாப்பிட்டாள். பழைய சோறாக இருந்தாலும் இரண்டாவது தரம் போட்டுக்கொள்வாள். வாசலில் யாராவது உரக்கக் கூப்பிட்டால் தூக்கிப்போட்ட மாதிரி எழுந்து நிற்பாள். முழங்கைக்கு மேலே வரிசையாக மூன்று தழும்பு இருந்தது. கேட்டதற்கு, கஞ்சி வடிக்கும்போது கொட்டிக்கொண்டேன் என்றாள். சமையலில் அவ்வளவு கெட்டிக்காரி எப்படிக் கொட்டிக்கொண்டாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொட்டிய கஞ்சி எப்படி வரிசை பிடித்து விழும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஆடி முடிந்து ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து அத்தையை அனுப்பக் கிளம்பினோம். பின்னால் நெல் மூட்டை, வெல்லம், மல்லாட்டை. ஊர் எல்லையைத் தாண்டி, புதிதாக ஜல்லி கொட்டியிருந்த சாலையில் ஏறியதும் அடியில் மடார் என்று ஒரு சத்தம். கல் எகிறி கியர்பாக்ஸ் தட்டை உடைத்துவிட்டது. சாலை நெடுக எண்ணெய்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி வழியில் நின்றால் அன்று அவளை அனுப்பக் கூடாது. வண்டி கெட்டாலும் சரி, மாடு படுத்துக்கொண்டாலும் சரி, திரும்பிவிட வேண்டும். மறுபடி ஒரு நாள் பார்க்க வேண்டும். இரண்டாவது தரமும் நின்றுவிட்டால் தை பிறக்கும் வரை பெண் பிறந்த வீட்டில்தான். அந்தப் பக்கத்து மனிதர்களும் இதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். சகுனத்தை எதிர்த்து யாரும் பேச மாட்டார்கள்.

நடந்தே வீடு திரும்பினோம். அப்பா முகம் தொங்கிப்போயிருந்தது. அத்தை மட்டும் சாலையோரம் காட்டுப்பூ பறித்து எனக்கு வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கேப்பை அடை தட்டினாள். அவ்வளவு ருசியான அடையை அதற்கப்புறம் நான் தின்றதில்லை.

அடுத்த நல்ல நாள் குறித்தாயிற்று. அதற்குள் தட்டு வேண்டும். கம்பெனியில் சொல்லி வரவழைக்க மாதக்கணக்காகும் என்றார்கள். அப்பா விழுப்புரம் போய் மெக்கானிக்கையும் ஒரு சாக்கையும் கொண்டுவந்தார். சாக்கில் இரண்டு தட்டு. ஒன்று, இதே மாதிரி இன்னொரு பட்டாள வண்டியிலிருந்து காயலாங்கடைக்காரர் கழற்றியது. கம்பெனி வார்ப்பு, கறுப்பு, பிசுக்கு ஏறி எருமை மாதிரி கனம். இன்னொன்று, பட்டறையில் தகடு வளைத்து ஒட்டவைத்தது. புதுசு, முகம் பார்க்கலாம். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு.

மெக்கானிக் கறுப்புக் கட்சி. "கம்பெனி சாமான் கம்பெனி சாமான்தான் முதலாளி. இது டூப்ளிகேட்டு. பளபளன்னு இருக்கறதெல்லாம் பவுனா?"

அப்பா பளபளப்புக் கட்சி. "செத்த வண்டில இருந்து கழட்டுனத என் வண்டிக்குப் போட்டுக்கினு நான் பொண்ண ஏத்திக்கினு போவணுமா?"

கால் மணி நேரம் இப்படியே போனது. அப்பாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை. திருவாமாத்தூர் பக்கம் பானை வாங்கப் போனால் எங்கள் தெருவே அத்தையைத்தான் கூட்டிக்கொண்டு போகும். விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள். நல்ல பானை, கீறல் விட்ட பானை எதுவென்று அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்.

"ஏம்மா, பானையத் தட்டிப் பாக்கறவ இதையும் கொஞ்சம் தட்டிப் பாரேன்."

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புதுசைத் தட்டினாள். ணங் என்றது. கறுப்பைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் தட்டினாள். எழுந்து, கறுப்பைக் கை காட்டினாள்.

"இதான் நல்லாக்கீதுண்ணா. நல்ல கனம். இதையே மாட்டிக்க."

"பாத்தீங்களா முதலாளி!" என்று மெக்கானிக் ஸ்பானரை எடுத்துவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு மாதம் அவள் பின்னாலேயே சுற்றி, குடம் குண்டான் எல்லாவற்றையும் தட்டித் தட்டி எனக்கும் காது பழகியிருந்தது. அவள் தட்டும்போதே நான் கேட்டுவிட்டேன். கறுப்பு, ஒரு பக்கம் ஒரு குரலிலும் மறுபக்கம் வேறு குரலிலும் பேசியது.

"அத்த, நீ தப்பா சொல்ற! இதுல கீறல் கீது!"

"சும்மா இரு," என்றாள் அத்தை. அவள் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை.

நான் சும்மா இருக்கிற பிள்ளையா? உட்கார்ந்து தட்டிக் காட்டினேன். "இங்க கேளுப்பா. இப்ப இங்க கேளு. வேற வேற சத்தம் வரல?"

"கனத்த இரும்பு அப்பிடித்தான் பேசும் பாப்பா," என்றார் மெக்கானிக். ஆனாலும் அவர் முகம் மாறிவிட்டது. "எதுக்கும் பாத்துருவோம். சீமெண்ணெ கொஞ்சம், வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு கொஞ்சம் குடுங்கம்மா."

வாசற்படியில் நின்றிருந்த அம்மா நகரவில்லை. "சுண்ணாம்பு தீந்துபோச்சே," என்றாள்.

காலையில்தான் நான் பார்த்திருந்தேன், டப்பா நிறைய இருந்ததை. "இருக்குதும்மா!" என்று உள்ளே ஓடி எடுத்து வந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை, சொல்லாமல் எடுத்ததற்கான கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் பிசுக்கைத் துடைத்து, தட்டின் வெளிப்புறம் சுண்ணாம்பைப் பூசி, உள்ளே சீமெண்ணெயை ஊற்றி வைத்தார். சுண்ணாம்பு காய்ந்து வெளுத்தது. பீடி ஒன்று தீர்ந்தது. வெள்ளையின் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு நனைந்து, கறுத்து, மெள்ள நீண்டுகொண்டே போனது.

அப்பா என்னை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "எம் பொண்ணு இன்னிக்கி மானத்தக் காப்பாத்துனா! நடு ரோட்ல நின்னுருப்போம்!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். மெக்கானிக் என் கால் விரலைப் பிடித்துக் கும்பிட்டார். இந்த வயது வரை நான் சேர்த்த பெருமைகளில் அதுதான் முதல். தோள் உயரத்திலிருந்து பார்த்தேன். அத்தை தட்டில் இருந்த சீமெண்ணெயை வீணாக்காமல் விளக்குப் புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி கீழே சிந்தியது.

பளபளப்பைத்தான் மாட்டினார்கள். குறித்த நாளில் கிளம்பினோம். முன்னால் அப்பா, நான், கதவோரம் அத்தை. ஜல்லிச் சாலையை வண்டி அலுங்காமல் கடந்தது. விக்கிரவாண்டி வந்ததும் அத்தை, "ண்ணா, நிறுத்திப் பாரேன், ஒழுகுதான்னு," என்றாள்.

அப்பா இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "ஒரு சொட்டு இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். "நல்லாப் பாத்தியாண்ணா?"

"உனக்கு இன்னாம்மா, என்ன விட வண்டி மேல இவ்ளோ பாசம்?" என்று அப்பா சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கூட்டேரிப்பட்டில் அப்பா டீ குடிக்க நிறுத்தினார். அத்தை தானே இறங்கினாள். பட்டுப்புடவை மண்ணில் புரள வண்டிக்கு அடியில் கையை விட்டுத் தட்டை ஒரு சுற்றுத் தடவினாள். வெளியே எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் புழுதிதான் இருந்தது, ஈரமில்லை. அதற்கப்புறம் திண்டிவனம் வரை அவள் எதுவும் கேட்கவில்லை.

அங்கே அவள் மாமியார் ஆரத்தி எடுத்தாள். அத்தை வீட்டுக்காரர் மூட்டைகளை இறக்கினார், எனக்கு மிட்டாய் கொடுத்தார். சிரித்த முகம். சாப்பிட்டு எழுந்து அப்பா வண்டியைக் கிளப்பினார். அத்தை வாசலில் வந்து நின்றாள். வண்டி நகர்ந்ததும் நான் சன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, அத்தனை நேரம் வண்டி நின்றிருந்த தரையைக் காட்டினேன்.

"பாரு அத்த! ஒரு சொட்டுகூட இல்ல பாரு!"

அத்தை அந்தக் காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தெருமுனை திரும்பும் வரை தலையை நிமிர்த்தவில்லை. நான் கையாட்டிக்கொண்டே போனேன். அவளுக்கு இன்னும் ஐந்து மாதம், தை வரையாவது, எங்கள் வீட்டுச் சோறு கிடைத்திருக்கும் என்றோ, அதை நான்தான் தட்டிப் பறித்தேன் என்றோ எனக்கு அப்போது தெரியாது. கல்யாணமாகி என் முதல் ஆடி முடிந்து அப்பா என்னைப் புகுந்த வீட்டுக்கு வண்டியில் ஏற்றியபோதுதான் தெரிந்தது. அதைப் போய் அவளிடம் சொல்ல அப்போது அத்தை இல்லை.

அவ்வளவுதான் கண்ணு. எழுதிட்டியா? பேனாவ வெச்சிட்டு, மொதல்லருந்து ஒரு தரம் படி. சத்தமாப் படி, எனக்குக் காது இன்னும் நல்லாத்தான் கேக்குது.