குடை அகலத்தில் ஒரு கடப்பு

கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தே வந்த முதுகோடு, காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கினேன். நவம்பர் மாதம். இரவு பெய்த மழை தண்டவாளங்களுக்கு நடுவே தேங்கியிருந்தது. வெளியே நின்ற ஆட்டோக்காரர் கல்லடிப் பாலம் வரை போக நானூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறிவிட்டேன்.

"பாலத்துக்கு அங்கால எவ்விடம்?" என்றார்.

"அந்தப் பக்கம் நடந்தே போயிக்கிறேங்க."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். "இந்தியாவா? அங்க ஆக்கள் நடக்கிற இல்லையா?"

"ஆசை இருக்குங்க. இடம்தான் இல்ல."

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சென்னையில் மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கட்டியவர்கள் அதை எங்களுக்கு விற்றபோது கொடுத்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தில் 'எல்லாமே நடக்கும் தூரத்தில்' என்று போட்டிருந்தார்கள். உண்மைதான். எங்கள் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம்தான் மருந்துக்கடை. காலையில் அதன் ஷட்டர் ஏறும் சத்தம் என் படுக்கையில் கேட்கும். ஆனால் அங்கே போக முன்வாசல் வழியாக வெளியேறி, நடைபாதை என்ற பெயரில் நிற்கும் மின்பெட்டிகளையும் பைக்குகளையும் தாண்டி, முழுத் தெருவையும் சுற்றிவர வேண்டும். முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க என் மனைவி ஆட்டோவில் போகிறாள். முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கிவர முழங்கால் இடம் கொடுப்பதில்லை.

எதிர்கால நகரங்களைப் பற்றி ஒரு பத்திரிகை கட்டுரை கேட்டிருந்தது. வரைபடங்களில் மரநிழலில் சிரித்தபடி நடக்கும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்த நேரத்தில், மனைவியின் சிநேகிதி யோகராணி டீச்சர் தொலைபேசியில் சொன்னார்: "காலால சீவிக்கிற ஊர் பாக்கணுமெண்டா இஞ்ச வாங்க அண்ணன்." சில வருடங்களுக்கு முன் சென்னையில் நடந்த ஒரு ஆசிரியர் பயிலரங்கில் என் மனைவிக்கும் அவருக்கும் பழக்கம். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கிளம்பி வந்துவிட்டேன்.

கல்லடியில் இரண்டு பாலங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. புதியது அகலமானது, பஸ்ஸும் லாரியும் அதில் போகின்றன. பழைய இரும்புப் பாலத்தைப் பெரிய வண்டிகளிடமிருந்து மீட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிட்டார்கள். கிழடாகிப்போன பாலத்தைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போடாமல் மனிதர்களுக்குக் கொடுத்த அந்த யோசனைக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன். பாலத்தின் மேல் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பதால் கை தட்டுவது மட்டும்தான் பாக்கி. கீழே வாவி என்று இவர்கள் சொல்லும் காயல், கலங்கிய தேநீர் நிறத்தில் அகலமாகக் கிடந்தது. தூண்டில் போட்டபடி இரண்டு பேர். சீருடைப் பிள்ளைகள் மூன்று சைக்கிள்களில் வரிசையாகக் கதைத்துக்கொண்டே போனார்கள். ஒரு அம்மாள் மீன் பையோடு நடுப்பாலத்தில் நின்று, எதிரே வந்தவரிடம் சாவகாசமாக ஊர்க்கதை பேசினார். யாரும் யாரையும் ஹாரன் அடித்து விலக்கவில்லை. நடுவழியில் நின்று பேசலாம் என்பது இத்தனை பெரிய சுகம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

அக்கரையில் டீச்சர் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். குழந்தையில் வந்த போலியோவால் இடது கால் சூம்பியிருந்தது. கைத்தடி ஊன்றி, உடம்பைச் சற்று வீசி வீசி நடப்பார். அந்த நடையோடு என்னை முந்திக்கொண்டு போனார். பிரதான வீதியிலிருந்து ஒரு மணல் சந்தில் திரும்பினோம். சந்துக்கு இங்கே ஒழுங்கை என்று பெயர். கொஞ்ச தூரத்தில் ஒழுங்கையை விட்டு, சட்டென்று யாரோ ஒருவர் வீட்டு வளவுக்குள், அதாவது வீட்டைச் சுற்றிய மனைக்குள், நுழைந்தார். கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த பெண், "வந்திட்டாங்களா விருந்தாளி?" என்று கேட்டுவிட்டுப் பல் விளக்கலைத் தொடர்ந்தாள். எனக்குத்தான் கூச்சம். அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க அண்ணன். சின்னம்மாட மகள்தான். இதால போனா எங்கட வீடு."

தென்னங்கீற்று முடைந்த கிடுகு வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதைத் தாண்டினால் டீச்சரின் முற்றம். அந்த முற்றத்தின் அடுத்த வேலியிலும் ஒன்று. அதற்கப்பால் தங்கை வசந்தியின் வளவு. அதையும் கடந்தால் பள்ளிக்கூட ஒழுங்கை. இந்த ஊரில் வீடும் வளவும் பெண் பிள்ளைகளுக்கே எழுதப்படுகின்றன. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் அக்காளும் தங்கையும் சின்னம்மா மகளும் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் இருக்கிறார்கள், வேலி போட்டாலும் வழி விட்டுப் போடுகிறார்கள். கடை, கோயில், பள்ளி, கடற்கரை எல்லாம் இந்த உள்வழிகளில் கோத்துக் கிடக்கின்றன. வரைபடத்தில் முட்டுச்சந்தாகத் தெரியும் ஒழுங்கை, நடக்கிறவருக்கு முட்டுவதே இல்லை. எந்த நகரத் திட்டத்திலும் நான் பார்க்காத சங்கதி இது. சகோதரிகளை வைத்து ஒரு தெருவை அமைத்திருக்கிறார்கள்.

காலை உணவுக்குப் புட்டும் தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதியும். இரண்டாவது தடவை சொதி ஊற்றும்போது டீச்சர் சொன்னார்: "நாளைக்கு வசந்தி வளவில மதில் தொடங்குறாங்க. கடப்பு இல்லையாம்."

குரல் இறங்கியிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "கடப்பா கல் இல்லைன்னா என்னங்க டீச்சர், கிரானைட் போடலாம். துடைக்கறதுக்கும் சுலபம்" என்றேன். எங்கள் ஊரில் சமையல் மேடைக்குப் போடும் கறுப்புக் கல் அது.

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார், இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். "கடப்பெண்டா கல்லில்ல அண்ணன். நாம இப்ப வந்தமே, வேலியில வழி, அதுதான் கடப்பு."

சிரிப்பு அடங்கியதும் விஷயம் முழுவதும் வந்தது. வசந்தியின் கணவர் ரவி கத்தாரில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பும் பணத்தில் வேலியை எடுத்துவிட்டுச் சுற்றிலும் மதில் எழும்பப் போகிறது. அவர் அனுப்பிய படத்தில் மதில் ஒரே கோடாகப் போகிறது; வழி இல்லை. அந்த வழியாகத்தான் டீச்சர் இத்தனை வருடமும் தினம் பள்ளிக்கு நடக்கிறார். அது மூடினால் பிரதான வீதிக்குப் போய்ச் சுற்ற வேண்டும். வீதியோரம் நடைபாதை கிடையாது, லாரிகள் உரசிக்கொண்டு போகும். மீதித் தூரம் கைத்தடி புதையும் மணல். ஆட்டோவில் தினமும் போய்வரக் கட்டுப்படியாகாது என்பதை விட, ஆட்டோவில் ஏற்றி இறக்கப்படும் ஆளாக மாற அவருக்கு மனமில்லை.

"அடுத்த வருசம் பென்சன் எடுத்திட்டு வீட்டோட இருக்கலாமெண்டு நினைக்கிறன்" என்றார். பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டால் இவருக்கு வேறு உலகம் இல்லை என்று என் மனைவி சொல்லி எனக்குத் தெரியும்.

"தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?"

"கடப்பக் கேட்டு வாங்குற வழக்கம் எங்கட ஆக்களுக்கு இல்ல அண்ணன். கேக்கிற நிலைமை வந்திட்டுதெண்டா, மறுகா அதில நடந்து என்ன?"

அன்று முழுவதும் எனக்கு அந்தக் கவலையாகவே இருந்தது. டீச்சர் பள்ளிக்குப் போனபின் பழைய பாலம் வழியாகத் திரும்பி, நடந்தே புளியந்தீவுக்குப் போனேன். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த சின்னத் தீவில் ஒரு நகரத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் அடக்கி வைத்திருக்கிறார்கள்: போர்த்துக்கீசர் கட்டிய கோட்டை, கச்சேரி என்று சொல்லும் அரசாங்க அலுவலகம், தேவாலயங்கள், பள்ளிகள், கடைகள். பத்திரம் பதிய வந்தவர் அதே நடையில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு பூசைக்கும் போய்விடலாம். தீவு என்பதால் ஊர் அகலமாகப் பரவ இடமில்லை; அந்த நெருக்கடிதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. சென்னையில் எங்களுக்குப் பரவ இடம் தாராளமாக இருந்ததால் கெட்டுப்போனோம்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடையில் ஒதுங்கி, பையில் மடித்துப் போடும் சின்னக் குடை கேட்டேன்.

கடைக்காரர் தலையாட்டினார். "வாவிக் காத்துக்கு அது ஏலாது. ஒரே கிறுகில வெளியால மடிஞ்சு போகும். இதக் கொண்டு போங்க."

கறுப்புத் துணியும் வளைந்த பிடியுமாகப் பெரிய குடை. ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். விரித்தால் ஒரு குடும்பமே நிற்கலாம். சாயங்காலம் அதன் கீழ் பாலத்தைக் கடந்தபோது எனக்கு ஏதோ சொத்து சேர்ந்ததுபோல இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலியைப் பிரித்தாயிற்று. மேசன் என்று இங்கே அழைக்கும் கொத்தனார் சிவலிங்கம் வளவின் எல்லையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் இழுத்துக் கட்டி, சிமெண்ட் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் வழக்கம்போலச் சேலை உடுத்திக் கைப்பையோடு வந்தார். முழங்கால் உயரத்தில் நூல் குறுக்கே நின்றது. குனிந்தால் கையால் தூக்கிவிட்டுப் போகலாம். அவர் தொடவில்லை. ஒரு கணம் நின்றார், பிறகு தடியைத் திருப்பி ஊன்றி வீதிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

வசந்தி அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். "அக்கா! எங்க போற?"

"ரோட்டால போறன் புள்ள."

"என்னத்துக்கு?"

டீச்சர் தடியை ஊன்றி இன்னும் ஓர் அடி வைத்தார். மேசன்தான் நிமிர்ந்து, அது ஒரு சாதாரணச் சந்தேகம் என்பதுபோலக் கேட்டார்: "தங்கச்சி, கடப்பு எவ்விடத்தில விடுற? இப்பச் செல்லினாத்தான் கல்லு வைக்கலாம்."

வசந்தி அக்காளைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். அந்தப் படத்தை அவள் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேலியை எடுத்தாலும் கடப்பு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்திருக்கிறாள். மூச்சு விடுவதுபோல அவளுக்கு அது. உடனே கத்தாருக்கு அழைத்தாள். கைப்பேசியில் ரவியின் முகம் வந்தது, பின்னால் வெள்ளைச் சுவர்.

"படத்தில உள்ளபடி கட்டச் செல்லு" என்றார் ரவி. "நான் இஞ்ச கிடந்து உழைக்கிறது நீயும் புள்ளையளும் பயமில்லாம இருக்கத்தானே. மதிலக் கட்டிப்போட்டு வழியும் விட்டா, கள்ளனுக்கு வெத்தில வைச்சுக் கூப்பிட்ட மாதிரி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தூரதேசத்தில் தனியாகக் கிடக்கிறவனுக்கு மதில்தான் கண்ணுக்குத் தெரியும் காவல்.

"இஞ்ச பாருங்க" என்றாள் வசந்தி, குரலை உயர்த்தாமல். "மதில் உங்கட காசு. வளவு என்ட. எங்கட அம்மா எனக்கு எழுதினது. என்ட வளவு கிடக்க, என்ட அக்கா ரோட்டால சுத்திக் கிறுகிப் போகேலாது."

திரையில் ரவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி. ஒரு கேட்டாவது போடு" என்றார் ரவி.

"போடுறன். பூட்டுப் போடமாட்டன்."

"பிறகென்னத்துக்குக் கேட்?"

"ஆடு வராமலிருக்க" என்று சொல்லி வசந்தி அழைப்பைத் துண்டித்தாள். அப்புறம் அக்காளிடம் திரும்பியபோதுதான் அவள் கண் கலங்கியது. "ஒரு சொல் செல்லியிருக்கலாமே அக்கா."

டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, "எனக்கு நேரம் போகுது" என்றார்.

மேசன் நூலை அவிழ்த்தார். எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. டேப்பை எடுத்தவர், டீச்சர் வீசி நடப்பதைப் பார்த்துவிட்டு அதைப் பையில் போட்டார். "டீச்சர், இதில நில்லுங்க" என்று நிற்கவைத்து, தடிக்கு அந்தப் பக்கம் ஒரு கல், கைப்பைக்கு இந்தப் பக்கம் ஒரு கல் வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. நான் ஓடிப்போய் என் புதுக் குடையை விரித்து டீச்சர் தலைக்கு மேல் பிடித்தேன். குடையின் இரண்டு ஓரமும் இரண்டு கற்களுக்கும் வெளியே போயிற்று.

"ஆ, அது சரி" என்றார் மேசன். "மழைக்கு இஞ்ச குடையை மடக்கி நனைஞ்சு போகவா?" கற்களைத் தூக்கிக் குடை ஓரத்துக்கு நேர் கீழே தள்ளி வைத்தார். டீச்சர் என் கையிலிருந்து குடையை வாங்கி, விரித்தபடியே இரண்டு கற்களுக்கும் நடுவே நடந்து பள்ளிக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் நனைந்துகொண்டு நின்றேன். இதுவரை பார்த்த அத்தனை நகரத் திட்டங்களிலும் இல்லாத ஒரு அளவுகோல் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது, அதில் எனக்கு இன்றும் பெருமை.

அடுத்த நாள் கிளம்பினேன். மதில் இடுப்பளவு வளர்ந்திருந்தது. நடுவில் கடப்பு, விரித்த குடையின் அகலத்தில். டீச்சர் குடையைத் துடைத்து, காயவைத்து, மடித்துக் கொடுத்தார். பாலம் வரை கூட நடந்து வந்தார். "அக்காவோட மறுகா வாங்க" என்றார். அக்கா என்றது என் மனைவியை.

சென்னை வந்த வாரமே எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம். கண்காணிப்புக் கேமரா பற்றியும் தண்ணீர் லாரி பற்றியும் பேசி முடித்தபின் நான் எழுந்தேன். மருந்துக்கடைப் பக்கச் சுவரில் ஒரு கடப்பு வேண்டும் என்றேன். செயலாளர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "கடப்பா கல்லா சார்? சுவத்துல எதுக்கு சார் அது?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி வந்த மனைவியோடு பின்பக்கச் சுவருக்கு நடந்தேன். வேடிக்கை பார்க்கச் செயலாளரும் நாலைந்து பேரும் வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைப் பையன் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது தெளிவாகக் கேட்டது. நான் குடையை விரித்துச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன்.

"இங்கதான் சார்" என்றேன். "இவ்வளவு அகலம்."